தானே ஒட்டிக்கொள்ளும் கிளைகள்: கணிப்பொறி வலையில் ஒரு பழுதின் வரலாறு

ஒரு கணிப்பொறி பழுதடைந்தால் அதன் முன்னே அமர்ந்திருப்பவரின் வேலை நின்றுபோகும். இதில் வியப்பு ஒன்றுமில்லை. ஆனால் எந்தப் பழுதும் இல்லாத ஒரு கணிப்பொறி, வேறு ஓர் அறையில் உள்ள மற்றொரு கணிப்பொறி நின்றுபோன காரணத்தால் தானும் அசைவற்று நின்றுவிட்டால் என்ன செய்வது? அப்படி ஒரு பொறி இருக்கிறது என்பதே நமக்குத் தெரியாதென்றால், பழுதை எங்கே போய்த் தேடுவது?

பல கணிப்பொறிகள் கூடி வேலை செய்யும் அமைப்பு எது என்ற கேள்விக்கு, அமெரிக்க அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1987-ஆம் ஆண்டில் பாதி விளையாட்டாக இப்படித்தான் இலக்கணம் வகுத்தார். நாம் கேள்விப்பட்டே இராத ஒரு பொறியின் பழுது நம் பொறியை முடக்குமானால், அதுவே அத்தகைய அமைப்பு என்பது அவர் கருத்து. அந்த ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் யூனிக்ஸ் பணிநிலையங்களில் வேலை செய்தவர்கள் இதைப் படித்துச் சிரித்திருப்பார்கள். உள்ளூரப் பெருமூச்சும் விட்டிருப்பார்கள். இந்தத் தொல்லை எப்படிப் பிறந்தது, அதை நீக்க வந்த தானியங்கி முறை எப்படி உருவானது, அந்த மருந்தே புதிய நோய்களை எப்படிக் கொண்டுவந்தது என்பதை இங்கே காண்போம்.

ஒரே மரம், பல வட்டுகள்

யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமை 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகிய இருவரும் அதன் முதன்மைச் சிற்பிகள். கோப்புகளை அடுக்கி வைப்பதில் யூனிக்ஸ் ஒரு தனி வழியைக் கையாண்டது. பொறியில் எத்தனை காந்த வட்டுகள் இருந்தாலும் பயனாளரின் கண்ணுக்குத் தெரிவது ஒரே ஒரு மரம்தான். அடியில் வேர்; அதிலிருந்து கிளைகளாகக் கோப்பகங்கள்; கிளைகளின் நுனியில் இலைகளாகக் கோப்புகள்.

புதிய வட்டு ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால், மரத்தின் ஏதேனும் ஓர் இடத்தில் அதை ஒட்டுப்போட வேண்டும். நாட்டு மாஞ்செடியில் நல்ல வகை மாங்கிளையை ஒட்டுக் கட்டுவதைப் போன்றது இது. கட்டிய பின் மரம் வேறு, கிளை வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. இவ்வாறு ஒட்டுப்போடும் கட்டளைக்கு யூனிக்ஸில் ‘மவுண்ட்’ என்று பெயர். எந்த வட்டை எந்த இடத்தில் ஒட்டவேண்டும் என்ற பட்டியல் ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். பொறி கண் விழிக்கும்போதெல்லாம் அந்தப் பட்டியலைப் படித்து, எல்லா ஒட்டுகளையும் வரிசையாகப் போட்டு முடிக்கும்.

வட்டுகள் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருந்த வரையில் இதில் சிக்கல் எதுவும் எழவில்லை. வட்டு கெட்டால் பொறியும் கெட்டது, அவ்வளவே.

கடன் வாங்கிய வட்டு

1980-களின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. ஒரு பெரிய கணிப்பொறியைப் பலர் பங்கிட்டுக்கொண்ட காலம் போய், ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு பணிநிலையம் வைக்கும் காலம் வந்தது. 1982-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் இத்துறையில் முன்னே நின்றது. ஆண்டி பெக்டோல்ஷைம், வினோத் கோஸ்லா, ஸ்காட் மெக்நீலி, பில் ஜாய் ஆகிய நால்வர் அதன் நிறுவனர்கள். மோட்டரோலா 68000 என்ற சில்லும், யூனிக்ஸும், ஈதர்நெட் என்ற வலை இணைப்பும் சேர்ந்ததே அவர்களுடைய பணிநிலையம்.

அன்று வட்டின் விலை அதிகம். மேசைக்கொரு பொறி வாங்கலாம். பொறிக்கொரு பெரிய வட்டு வாங்குவது கட்டுப்படியாகாது. ஆகவே பெரிய வட்டுகளை ஒரு பொறியில் வைத்து, மற்றப் பொறிகள் வலை வழியே அவற்றைக் கடன் வாங்கிப் பயன்படுத்த ஒரு முறை தேவைப்பட்டது. சன் நிறுவனத்தின் ரஸ்ஸல் சாண்ட்பர்க்கும் அவருடைய தோழர்களும் அத்தகைய முறை ஒன்றை உருவாக்கி, 1985-ஆம் ஆண்டில் யூசெனிக்ஸ் மாநாட்டில் அதை விளக்கினார்கள். வலைக் கோப்பு முறைமை என்று பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி என்.எஃப்.எஸ். என்பர்.

இதன் அழகு என்னவென்றால், பயனாளருக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. பக்கத்து அறையிலுள்ள வட்டும் அதே மரத்தில் ஒரு கிளையாக ஒட்டப்படும். கோப்பு அருகில் உள்ளதா, தொலைவில் உள்ளதா என்று எந்த நிரலும் கேட்க வேண்டியதில்லை. கோப்புகளைத் தரும் பொறியை இக்கட்டுரையில் வழங்கும் பொறி என்றும், வாங்கும் பொறியைப் பெறும் பொறி என்றும் குறிப்போம்.

மறதியே பலம்

வழங்கும் பொறி நடுவில் நின்றுபோனால் என்ன ஆகும்? இதற்கு வடிவமைப்பாளர்கள் கண்ட விடை சுவையானது. வழங்கும் பொறி எதையும் நினைவில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார், எதுவரை படித்திருக்கிறார் என்ற கணக்கு அதனிடம் இராது. ஒவ்வொரு வேண்டுகோளும் தன்னளவில் முழுமையாக இருக்கும்: ‘இந்தக் கோப்பில், இந்த இடத்திலிருந்து, இத்தனை எழுத்துகள் தருக.’

மறதியுள்ள ஒருவர் உறங்கி விழித்தால் இழப்பதற்கு ஒன்றுமில்லை அன்றோ? வழங்கும் பொறி நின்று மீண்டும் எழுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பெறும் பொறி செய்யவேண்டியது ஒன்றுதான்: விடை வரும் வரை அதே வேண்டுகோளைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பது.

இந்த ஏற்பாட்டால் கோப்புகள் காப்பாற்றப்பட்டன. ஆனால் மனிதர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. வழங்கும் பொறி விடையளிக்கவில்லை, தொடர்ந்து முயல்கிறேன் என்ற பொருளில் திரையில் ஒரு வரி தோன்றும். அதன் பின் நிரல் அசையாது. சில வேளைகளில் அதை நிறுத்தவும் முடியாது. இதற்கு ‘வன்மையான ஒட்டு’ என்று பெயர். சில முறை முயன்றபின் பிழை என்று சொல்லி விலகிவிடும் ‘மென்மையான ஒட்டு’ ஒன்றும் உண்டு. ஆனால் அந்தப் பிழையைக் கவனிக்கத் தவறும் நிரல், எழுதியதாக நினைத்துக்கொண்டு பாதிக் கோப்பை இழந்துவிடும். காத்திருப்பதா, இழப்பதா? பெரும்பாலோர் காத்திருப்பதையே தேர்ந்தார்கள்.

தொற்றிப் பரவும் முடக்கம்

ஒரே ஒரு வழங்கும் பொறி இருந்த வரை இந்தக் காத்திருப்பு பொறுத்துக்கொள்ளத் தக்கதாக இருந்தது. நாளடைவில் ஒவ்வொரு பணிநிலையத்துக்கும் சிறு வட்டு வந்தது. ஒவ்வொன்றும் தன் கோப்புகளைப் பிறருக்கு வழங்கத் தொடங்கியது. ஒரு நிறுவனத்தில் 100 பொறிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் மற்ற 99 பொறிகளின் வட்டுகளையும் ஒட்டிக்கொண்டால் மொத்தம் 9,900 ஒட்டுகள். அவற்றுள் பெரும்பாலானவை அன்றைய நாளில் யாருக்கும் தேவைப்படாதவை. ஆயினும் எந்தப் பொறி நின்றாலும் அதன் கிளை மற்ற 99 மரங்களிலும் பட்டுப்போன கிளையாக நிற்கும்.

பட்ட கிளையைத் தொடாமல் இருந்தால் போதாதா? போதாது. ‘நான் இப்போது எந்தக் கோப்பகத்தில் இருக்கிறேன்?’ என்று கேட்கும் எளிய யூனிக்ஸ் கட்டளையை எடுத்துக்கொள்வோம். அன்றைய முறையில் இது மரத்தில் ஒவ்வொரு படியாக வேரை நோக்கி இறங்கும். ஒவ்வொரு படியிலும் தான் வந்த கிளை எது என்று அறிய அங்குள்ள கிளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க நேரும். அவற்றுள் ஒன்று பட்ட கிளையாக இருந்தால் கட்டளை அங்கேயே உறைந்துவிடும். தன் சொந்த வட்டில், தன் சொந்தக் கோப்பகத்தில் இருப்பவர்கூட, தமக்குத் தொடர்பே இல்லாத பொறிக்காகக் காத்திருக்க வேண்டும். எனவே வலை ஒட்டுகளை வேரருகே போடாதீர்கள். வழங்கும் பொறி ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பகம் அமைத்து அதற்குள் போடுங்கள் என்று நிருவாகிகள் அறிவுரை கூறலாயினர்.

மின்தடை இன்னொரு பாடத்தைக் கற்பித்தது. ஒன்றுக்கொன்று வட்டு வழங்கும் இரண்டு பொறிகள் ஒரே நேரத்தில் நின்று ஒரே நேரத்தில் விழித்தால் என்ன நடக்கும்? முதற்பொறி இரண்டாவதன் வட்டை ஒட்டிவிட்டுத்தான் தன் பணிகளைத் தொடங்குவேன் என்று காத்திருக்கும். இரண்டாவதும் முதலாவதற்காக அவ்வாறே காத்திருக்கும். வாசற்படியில் ‘முதலில் நீங்கள்’ ‘இல்லை, முதலில் நீங்கள்’ என்று உபசாரம் செய்துகொண்டு இருவருமே உள்ளே போகாத கதைதான். ஒட்டும் முயற்சியைப் பின்னணியில் தொடரவிட்டு, மற்ற வேலைகளைக் கவனிக்கும் விருப்பத்தேர்வே இதற்கு மாற்றாக அமைந்தது.

தேவைக்கு மட்டும் ஒட்டு

இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் பொதுவான காரணம் ஒன்று உண்டு. ஒட்டுகள் தேவைக்கு முன்பே போடப்பட்டுத் தேவை தீர்ந்த பின்னும் நீடிக்கின்றன. தொடும்போது ஒட்டி, வேலை முடிந்ததும் பிரித்துவிட்டால் என்ன?

இந்த எண்ணத்தைச் சன் நிறுவனத்தில் ‘ஆட்டோமவுண்டர்’ என்ற தானியங்கி ஒட்டுநிரல் நிறைவேற்றியது. 1988-ஆம் ஆண்டின் சன் இயக்க முறைமை 4.0-இல் அது இடம்பெற்றது. பிரென்ட் காலகன், டாம் லயன் ஆகிய இருவரும் 1989-ஆம் ஆண்டு யூசெனிக்ஸ் மாநாட்டில் அதன் செயல்முறையை வெளியிட்டனர்.

செயல்முறை ஒரு நாடகத்தைப் போன்றது. ஆட்டோமவுண்டர், தானும் ஒரு வழங்கும் பொறி என்று தன் சொந்தப் பொறியின் கருநிரலிடமே வேடமிட்டு நிற்கும். யாரேனும் ஒருவர் ஒரு கோப்பகத்தின் பெயரைச் சொன்னதும், கருநிரல் அதைப் பற்றி இந்தப் போலி வழங்கியிடம் விசாரிக்கும். அது தன்னிடமுள்ள வரைபடம் என்னும் பட்டியலைப் பார்த்து, உண்மையான வழங்கும் பொறி எது எனக் கண்டு, அதன் வட்டை மறைவான ஓர் இடத்தில் ஒட்டும். பிறகு, நீர் தேடுவது அங்கே இருக்கிறது என்று ஒரு சுட்டியை விடையாகத் தரும். ஐந்து நிமிடம் போல எவரும் தொடாமல் இருந்தால் ஒட்டைப் பிரிக்க முயலும். பயனாளருக்கு எல்லாக் கிளைகளும் எப்போதும் இருப்பதாகவே தோன்றும்.

நன்மைகள் பல. 9,900 ஒட்டுகளுக்கு மாறாக அன்றன்று வேண்டிய சில ஒட்டுகளே இருக்கும். ஒரு பொறி நின்றால் அதைத் தேடுவோர் மட்டுமே காத்திருப்பர். ஒரே செய்தி பல பொறிகளில் படியெடுத்து வைக்கப்பட்டிருந்தால், விரைவாக விடையளிக்கும் பொறியை அதுவே தேர்ந்துகொள்ளும். வரைபடத்தை நடுவண் பொறி ஒன்றில் வைத்து எல்லோருக்கும் பரப்பலாம்; 100 பொறிகளிலும் கையால் பட்டியல் திருத்தும் வேலை இல்லை.

மருந்தே நோயானது

இனி இதன் மறுபக்கம். ஒட்டு மறைவிடத்தில் போடப்பட்டதால், ‘நான் எங்கே இருக்கிறேன்?’ என்ற கேள்விக்கு அந்த மறைவிடத்தின் பெயரே விடையாக வந்தது. சில நிரல்கள் அந்தப் பெயரைக் குறித்துவைத்துப் பிறகு பயன்படுத்தின. அதற்குள் ஒட்டு பிரிக்கப்பட்டிருந்தால் கோப்பு காணாமற்போகும். மறைவிடத்தின் வழியாக வருபவருக்கு மீண்டும் ஒட்டித்தர அங்கே காவலன் இல்லை.

அடுத்த குறை இதனினும் பெரிது. ஆட்டோமவுண்டர் ஒற்றை ஆளாக வேலை செய்தது. ஒரு பொறியின் விடைக்காக அது காத்திருக்கையில், நலமாக உள்ள மற்றப் பொறிகளின் கோப்புகளை நாடுவோரும் வரிசையில் நிற்க நேர்ந்தது. அந்த நிரலை நிருவாகி வலிந்து கொன்றுவிட்டாலோ, கருநிரல் அதன் விடைக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். வழங்கும் பொறி விடையளிக்கவில்லை என்ற பழைய செய்தி மீண்டும் திரையில் தோன்றும். ஆனால் இம்முறை விடையளிக்காத அந்த ‘வழங்கும் பொறி’ அதே பெட்டிக்குள் இறந்துபோன ஒரு நிரல்! எந்தப் பழுதைத் தடுக்க வந்ததோ அதே பழுதின் வடிவத்தை அது வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான்-சைமன் பென்ட்ரி, 1980-களின் இறுதியில் ‘ஏ.எம்.டி.’ என்ற மாற்று நிரலை எழுதினார். ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்போதும் மற்ற வேண்டுகோள்களைக் கவனிப்பது அதன் சிறப்பு. வழங்கும் பொறிகள் உயிரோடு உள்ளனவா என்று அவ்வப்போது தட்டிப் பார்த்தும் வைத்தது.

அடிப்படைத் தீர்வு 1993-ஆம் ஆண்டில் விளக்கப்பட்டது. காலகனும் சத்தீந்தர் சிங்கும் வெளியிட்ட ‘ஆட்டோஎஃப்எஸ்’ முறையில் வேடமிடுதல் ஒழிந்தது. கருநிரலுக்குள்ளேயே சிறு காவல் பகுதி ஒன்று அமைக்கப்பட்டது. ஒட்டு தேவைப்படும் நொடியில் மட்டும் அது வெளியிலுள்ள நிரலை அழைக்கும். ஒட்டு, மறைவிடத்தில் அன்றி உரிய இடத்திலேயே போடப்படும். போட்ட பின் வெளிநிரலுக்கு அங்கே வேலையில்லை. ஆகவே அந்த நிரல் இறந்தாலும் ஏற்கெனவே ஒட்டிய கிளைகள் வாடுவதில்லை. லினக்ஸ் முறைமைக்கும் 1990-களின் பிற்பகுதியில் இதே பெயரில், இதே நோக்கில் ஒரு கருவி வந்தது. இன்றும் பல ஆய்வுக்கூடங்களில், எந்தப் பொறியின் முன் அமர்ந்தாலும் தம் கோப்புகள் அங்கே தோன்றுவதைக் காணும் மாணவருக்கு இம்மரபைச் சேர்ந்த கருவிகளே பெரும்பாலும் துணை நிற்கின்றன.

பழுதைத் தேடும் வரிசை

இந்த வரலாற்றை அறிந்தவருக்குப் பழுது தேடுவது எளிது. தொலைவை மறைப்பதற்காக ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திய திரைகளை, ஒழுங்காக ஒவ்வொன்றாய் விலக்கிப் பார்ப்பதே அந்தக் கலை.

முதலில் தானியங்கியை ஒதுக்கிவிட்டு, அதே வட்டை வேறோர் இடத்தில் கையால் ஒட்டிப் பார்க்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் வலையும் வழங்கும் பொறியும் நலம். குற்றம் தானியங்கியிடமோ அதன் வரைபடத்திடமோ உள்ளது. வரைபடத்தில் எழுத்துப்பிழை இருக்கலாம். திருத்திய வரைபடம் இந்தப் பொறிக்கு வந்து சேராமலும் இருக்கலாம்.

கையால் ஒட்டவும் இயலாவிட்டால் கீழே இறங்க வேண்டும். வழங்கும் பொறி உயிரோடு உள்ளதா? இதைத் தட்டிக் கேட்க, 1983-ஆம் ஆண்டில் மைக் மூஸ் எழுதிய ‘பிங்’ என்ற சிறு நிரல் உதவும். பிங்குக்கு விடை வந்தாலும் அதோடு நின்றுவிடக் கூடாது. அந்த விடையைத் தருவது கருநிரல். கோப்பு வழங்கும் பணி நின்றுபோயிருந்தாலும் அது விடை சொல்லும். வீட்டில் விளக்கு எரிவதால் மட்டுமே வீட்டுக்காரர் விழித்திருக்கிறார் என்று கொள்ள முடியாதன்றோ? எனவே கோப்புப் பணி இயங்குகிறதா என்று தனியே கேட்க வேண்டும்.

பணியும் இயங்கினால், நாம் கேட்கும் கோப்பகம் வழங்கத் தக்கவற்றின் பட்டியலில் உள்ளதா, நம் பொறிக்கு அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும். ஒட்டு விழுந்தும் கோப்பைத் திறக்க முடியாவிட்டால் பயனாளர் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். தொடக்ககால என்.எஃப்.எஸ். ஆளைப் பெயரால் அறியவில்லை, எண்ணால் அறிந்தது. ஒரே ஆளுக்கு இரு பொறிகளில் இரு வேறு எண்கள் இருந்தால், தம் கோப்பே பிறர் கோப்பாகிவிடும்.

‘கைப்பிடி காலாவதி’ என்ற பொருள்படும் பிழைச்செய்தி வந்தால் அது வேறு வகை. நாம் பிடித்திருந்த கோப்பை வழங்கும் பொறியில் யாரோ அழித்துவிட்டார்கள் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். இந்நிலையில் எவ்வளவு காத்திருந்தாலும் பயனில்லை. பிரித்து மீண்டும் ஒட்டுவதே வழி. பிரிக்க முடியவில்லை, பயன்பாட்டில் உள்ளது என்று பொறி மறுத்தால், எவரோ அந்தக் கிளையின் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று கொள்ளலாம். ஏதேனும் ஒரு நிரலின் நடப்புக் கோப்பகம் அதற்குள் இருக்கும்.

வரலாறு கூறும் பாடம்

மறதியைப் பலமாகக் கொண்ட என்.எஃப்.எஸ். கூட நெடுநாள் மறதியாகவே இருக்கவில்லை. கோப்பைப் பூட்டுதல் போன்ற தேவைகள் நினைவாற்றலை வேண்டின. 2000-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டு 2003-இல் திருத்தப்பட்ட அதன் நான்காம் பதிப்பு, யார் எதைத் திறந்திருக்கிறார் என்று நினைவில் கொள்கிறது. ஆயினும் அந்த நினைவு குத்தகை போன்றது. பெறும் பொறி குறித்த காலத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் உரிமை காலாவதியாகலாம். நின்றுபோன ஒருவருக்காக மற்றவர்கள் என்றென்றும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆட்டோமவுண்டர் கற்பித்த பாடமும் இதனோடு ஒத்ததே: உறவு வேண்டும்போது தொடங்கட்டும், பயன் தீர்ந்ததும் தானே முடியட்டும்.

1984-ஆம் ஆண்டளவில் சன் நிறுவனத்தின் ஜான் கேஜ், வலையே கணிப்பொறி என்று முழங்கினார். இன்று நாம் கையில் வைத்திருக்கும் கருவிகள் எங்கெங்கோ உள்ள பொறிகளிலிருந்து கோப்புகளைக் கொணரும்போது அம்முழக்கம் மெய்யாகியிருப்பதைக் காண்கிறோம். ஆனால் வலையே கணிப்பொறி என்றால் வலையின் பழுது முழுவதும் நம் பழுதே. நல்ல பொறியியல் தொலைவை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடும். ஆனால் தொலைவை ஒழிக்க அதனால் ஆகாது. மறைத்ததை வேண்டும்போது திறந்து பார்க்கும் வழியையும் கூடவே வைத்துச் செல்வதுதான் பொறியாளரின் கடமை. அந்த வழியில் எந்தத் திரையை முதலில் விலக்குவது, எதை அடுத்து விலக்குவது என்று அறிந்திருப்பது பயன்படுத்துவோரின் கடமை.